ஒரே நாளில் செட்டிநாடா? ஆளை விடுங்க சாமி!

காலை 7 மணி பிள்ளையார்பட்டி. 8.30 குன்றக்குடி. 10 மணி காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு (வெளியே நின்று போட்டோ மட்டும்). 11 மணி ஆத்தங்குடி. 12 மணி கானாடுகாத்தான். 1 மணி வாழை இலைச் சாப்பாடு. 2.30 திருமயம் கோட்டை. 4 மணி பழைய சாமான் கடை. 5 மணிக்கு வண்டி கிளம்பிவிடும், வராதவர்களுக்குக் கம்பெனி பொறுப்பில்லை.

இந்த மாதிரி அட்டவணையைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. வாட்ஸப்பில் வரும், ரீல்ஸில் வரும், வேன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். மதியம் 2.30 மணி வெயிலில் ஜனங்களை மொட்டைப் பாறை மேல் ஏறச் சொல்கிறவர் ஒரு தடவைகூட அந்தப் பாறையில் கால் வைத்திருக்க மாட்டார் என்று எழுதியே தருகிறேன்.

அட்டவணை போடுகிறவரை விடுங்கள், அவருக்கு அது பிழைப்பு. எனக்குக் கோபம் நம்ம மக்கள் மேல்தான். "காரைக்குடியில என்னடா இருக்கு, ஒரு நாள் போதும்" என்று இந்த ஊரிலேயே படித்துக்கொண்டு சொல்கிறவர்கள் நம்ம வகுப்பில் எத்தனை பேர்? அதே ஆட்கள்தான் வேலை கிடைத்ததும் முதல் வேலையாக ஜோர்டான் போய் பெட்ரா பார்க்க வேண்டும் என்கிறார்கள். தாராளமாகப் போய் வாருங்கள், பாலைவனமும் பழைய இடிபாடும் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அங்கேயும் இதே அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டுதான் போவீர்கள். நான் சொல்ல வருவது ஒன்றுதான். வறண்ட நாட்டை அவசரமாகப் பார்க்க முடியாது. பார்த்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய்.

ஏன் என்று கேட்கிறீர்களா? பச்சைப் பசேலென்ற ஊர், பஸ் ஜன்னல் வழியாகவே தன்னைக் காட்டிவிடும். கேரளாவைத் தூங்கி எழுந்து பார்த்தாலும் அழகுதான். வறண்ட ஊர் அப்படி இல்லை. முதல் பார்வையில் செம்மண், கருவேலம், வெயில், அவ்வளவுதான். அந்த ஊரில் மனிதன் எப்படித் தண்ணீரைச் சேர்த்தான், வெயிலை எப்படிச் சமாளித்தான் என்று கவனித்தால்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடும். அதற்கு ஒரு விடிகாலையும் ஒரு சாயங்காலமுமாவது அங்கே இருக்க வேண்டும்.

"செட்டிநாடு என்ன பாலைவனமா?" என்று ஒருவர் கண்டிப்பாகக் கிளம்புவார். மணல்மேடும் ஒட்டகமும் தேடினால் இல்லைதான். ஆனால் நம்ம இலக்கியத்தில் பாலை என்பதே மணல்மேடு இல்லையே. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தன் இயல்பு கெட்டுப்போனால் அதுதான் பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. வருஷம் பூராவும் தண்ணீர் ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லாத நாடு இது. பெய்கிற மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய கொஞ்ச நாளில் பெய்துவிட்டுப் போய்விடும். மிச்ச மாதங்களுக்கு அதைப் பிடித்து வைத்தால்தான் உண்டு.

இந்த ஊரின் கட்டுமானம் முழுக்க இந்த ஒரு கவலையிலிருந்து வந்ததுதான். செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் இருக்கிற பர்மா தேக்கையும் இத்தாலிப் பளிங்கையும் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். அண்ணாந்து கூரையைப் பார்க்கிறவர் குறைவு. வளவைச் சுற்றியுள்ள ஓட்டுக்கூரை நாலு பக்கமும் உள்நோக்கிச் சரிந்திருக்கும். மழை விழுந்தால் நடுமுற்றத்துக்குத்தான் வரும். அங்கே அண்டாவில் பிடிப்பார்கள். மிச்சம் கிணற்றுக்கோ வெளி வடிகாலுக்கோ போகும். தெருவில் ஓடுகிற மழைத்தண்ணீர் ஊருணிக்குப் போகும்படி ஊரே வாட்டம் பார்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. அதிலும் குடிக்கிற ஊருணி தனி, குளிக்கிற ஊருணி தனி. குடிக்கிற ஊருணியில் கால் நனைத்தால் ஏச்சு வாங்க வேண்டியதுதான். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீட்டுக்குள் மதியம் ஒரு மணிக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். காத்தாடியே வேண்டாம். இதெல்லாம் 20 நிமிஷ விசிட்டில் தெரியுமா?

பெட்ராவும் இதே கதைதான். மலையைக் குடைந்த அந்த முகப்பை உலகமே படம் எடுக்கிறது. ஆனால் நபாத்தியர்கள் அந்தப் பாலைவனத்தில் ஒரு நகரத்தை நடத்தியது முகப்பை வைத்து இல்லை, வாய்க்காலை வைத்து. உள்ளே போகிற குறுகலான மலை இடுக்கின் பக்கச்சுவரில் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். திடீர் வெள்ளம் வந்தால் திருப்பிவிட அணையும் சுரங்கமும் கட்டியிருக்கிறார்கள். இது புரிகிறவரை இருக்கிறவர் நகரத்தைப் பார்த்தவர். முகப்போடு திரும்புகிறவர் போஸ்டரைப் பார்த்தவர்.

ஜோர்டான்காரர்களுக்கு இது தெரியும். அவர்கள் பல வருஷமாக வைத்திருக்கும் நுழைவுக் கட்டணத்தைப் பாருங்கள். வெளிநாட்டுக்காரர் ஒரு நாள் பார்க்க 50 தினார், இரண்டு நாளுக்கு 55, மூன்று நாளுக்கு 60. ஜோர்டானில் ராத்தங்காமல் வந்து பார்த்துவிட்டு ஓடுகிறவருக்கு 90! அதாவது, "நீ அவசரமாக வந்தால் எங்களுக்கு உன்னால் பிரயோஜனம் இல்லை, அதற்கு அபராதம் கட்டு" என்று நாகரிகமாகச் சொல்கிறார்கள். இங்கே தலைகீழ். எவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறீர்களோ அவ்வளவு மலிவு.

அதனால் என்ன நஷ்டம் என்றால், நிறைய.

இந்த வீடுகள் ஏறக்குறைய 1850-லிருந்து 1940-கள் வரை எழும்பியவை. பர்மா, இலங்கை, மலாயா என்று கொண்டுவிற்கப் போன பணம். 1930-களின் பொருளாதார மந்தம், 1942-ல் பர்மாவில் ஜப்பான்காரர்கள், 1948-ல் பர்மா விடுதலை, அதன் பிறகு நிலம் நாட்டுடைமை என்று அடுத்தடுத்து அடி விழுந்து அந்தப் பணம் நின்றுபோனது. வீடு மட்டும் நின்றது. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் பங்கு என்று பெருகி, இன்றைக்கு ஒரே வீட்டுக்குச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் பங்காளிகள். ஓடு மாற்ற வேண்டும் என்றால் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். அதற்குள் ஒரு மழை வந்துவிடும். கூரை ஒழுகினால் சுவர் ஊறும், சுவர் ஊறினால் கதை முடிந்தது. பிறகு பிரித்து விற்கிறார்கள். தூண் தனி, நிலை தனி, கதவு தனி. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனால் அந்த வீடுகளைத் துண்டு துண்டாகப் பார்க்கலாம்.

இப்போது அட்டவணையின் கடைசி வரியை மறுபடி படியுங்கள். 4 மணி, பழைய சாமான் கடை. காலையில் "ஆஹா என்ன வீடு" என்று வியந்தவர், சாயங்காலம் அதே மாதிரி ஒரு வீட்டின் கைப்பிடியையோ எனாமல் தூக்குவாளியையோ வாங்கிக்கொண்டு வண்டி ஏறுகிறார். ஊருக்கு அவர் கொடுத்தது ஒரு டிக்கெட் காசு, ஒரு சாப்பாட்டுக் காசு. வீடு நிற்பதற்கு அவரால் ஒரு காரணமும் இல்லை, பிரிவதற்கு ஒரு காரணம் உண்டு. நாலு நாள் தங்குகிறவர் வேறு. அவருக்கு அறை வேண்டும், சமைக்க ஆள் வேண்டும், சைக்கிள் வேண்டும், வழி சொல்ல ஆள் வேண்டும். பூட்டிக் கிடக்கிற வீட்டில் ஒரு கட்டையாவது திறந்து விளக்கேற்ற ஒரு பங்காளிக்கு யோசனை வரும். செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது 2014-ல். உத்தேசப் பட்டியல் கூரைக்கு ஓடு போடாது, மக்களே.

சரி, திட்டினது போதும். உருப்படியாகத் திட்டம் போடுவோம். ஆறு நாள். தை மாசம் வையுங்கள், மழை முடிந்து ஊருணி நிறைந்திருக்கும். விதி ரெண்டே ரெண்டு. ஒரு நாளைக்கு ஒரு ஊருக்கு மேல் கூடாது. பதினொன்றிலிருந்து நாலு வரை வெயிலில் அலையக் கூடாது.

1. முதல் நாள் ஒன்றும் பார்க்காதீர்கள். சாயங்காலம் ஏதாவது ஓர் ஊருணிப் படிக்கட்டில் உட்காருங்கள். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். அன்றைய வேலை அவ்வளவுதான்.

2. கானாடுகாத்தான் மட்டும். விடிகாலையில் தெருத்தெருவாக நடை. அனுமதி உள்ள வீட்டுக்குள் மட்டும் போங்கள், குடியிருக்கிற வீட்டின் திண்ணையில் கேட்காமல் ஏறாதீர்கள். மதியம் தூக்கம். சாயங்காலம் மறுபடி அதே தெரு, வெளிச்சம் மாறியிருக்கும்.

3. ஆத்தங்குடி. கல் வாங்க இல்லை, கல் செய்வதைப் பார்க்க. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். சூளை கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுத்துக் காயவைப்பார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது.

4. திருமயம். 1687-ல் சேதுபதி கட்டிய கோட்டை. கதவு திறந்ததும் முதல் ஆளாக ஏறுங்கள். பீரங்கி இருக்கட்டும், பாறையில் தண்ணீர் தேங்குகிற சுனையைத் தேடுங்கள். இறங்கி வந்து அடிவாரத்துக் குடைவரைக் கோயில்களில் மதியத்தைக் கழிக்கலாம், நடை சாத்துவதற்குள்.

5. சித்தன்னவாசல், புதுக்கோட்டை வழியாக. ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகள், பக்கத்தில் தமிழ் பிராமி எழுத்து, ஈராயிரம் வருஷப் பழசு. கீழே அறிவர் கோயிலில் விதானத்தைப் பாருங்கள். ஒரு தாமரைக் குளம், மீன், அன்னம், யானை, பூப்பறிக்கிற ஆட்கள். சுற்றிலும் வெறும் பாறை, தலைக்கு மேலே குளம்! வறண்ட நாட்டுக்காரன் சொர்க்கத்தை வேறு எப்படி வரைவான்? கண் அந்த இருட்டுக்குப் பழகவே கொஞ்ச நேரம் ஆகும், அதற்குள் வெளியே வந்துவிடாதீர்கள்.

6. கீழடி. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்று 2019-ல் அறிக்கை வந்ததும் நம்மில் பலர் ஸ்டேட்டஸ் போட்டோம், பெருமைதான். 2023-ல் திறந்த அருங்காட்சியகத்துக்கு எத்தனை பேர் போனோம்? அங்கே பானை ஓட்டில் கீறிய பெயர்களைப் பார்த்துவிட்டு உறைகிணற்றின் முன்னால் நில்லுங்கள். சுடுமண் வளையத்தை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய கிணறு. முதல் நாள் பார்த்த ஊருணியும் இதுவும் ஒரே கவலை என்பது ஆறாவது நாள்தான் தெரியும். ஒரே நாளில் ஏழு இடம் பார்த்தவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

"ஆறு நாள் தங்கக் காசுக்கு எங்கே போவது?" நியாயமான கேள்வி. நிதானமான பயணம் என்றாலே வெள்ளைக்காரருக்கும் பணக்காரருக்கும் என்று ஆக்கிவைத்திருக்கிறார்கள். பாரம்பரிய விடுதிகளின் ஒரு ராத்திரி வாடகை நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படி ஆகாது. அதுவும் நான் சண்டை போடுகிற விஷயம்தான். ஆனால் காரைக்குடியில் சாதாரண லாட்ஜ் இருக்கிறது. நாலு பேர் சேர்ந்தால் அறை. டவுன் பஸ் இருக்கிறது. அந்த ஒரு நாள் வேனுக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணத்தானே போகிறீர்கள்?

"வீட்டுக்காரங்களே விற்கிறாங்க, உனக்கென்ன?" என்றும் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒழுகுகிற கூரைக்கு நான் ஒரு ஓடு வாங்கித் தரவில்லை. ஆனால் வாங்குகிறவர் ஒருவர் இருப்பதால்தானே விற்பனை? அந்த வாங்குகிறவராக நாம் இருக்க வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு.

இந்த வருஷ டூருக்கு வகுப்பில் ஓட்டெடுப்பு நடக்கப் போகிறது. கானாடுகாத்தான் ஒரு ஊர், ஒரே ஒரு ஊர், இரண்டு ராத்திரி என்று நான் எழுதிப் போடப் போகிறேன். அட்டவணைக் கோஷ்டி எதிர்த்து ஓட்டுப் போடலாம், ஆனால் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போடுங்கள்: உங்கள் தெருவுக்குப் பக்கத்து ஊருணிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

டிஸ்கி: பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் போக வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. சாமி குத்தத்துக்கு என்னை ஆளாக்க வேண்டாம் :-)