'குச் நஹி கரேகா'வும் அரை மாத்திரையும்

ரொம்ப நாளா மனசுல அரிச்சிட்டு இருக்கிற விஷயம். இன்னிக்கு கொட்டிடறேன்.

நாக்பூர்ல எங்க குடியிருப்புல பதினோரு நாய் இருக்கு. அதுங்களுக்கு இருபது டாக்டர். எல்லாரும் நாய் வளர்க்கிறவங்கதான், ஒருத்தர்கூட கால்நடை மருத்துவம் படிச்சதில்லை. சாயங்காலம் கீழே இறங்கினா இலவச ஆலோசனை ஆரம்பம்.

போன மழைக்காலத்துல எங்க மணிக்கு காய்ச்சல். சாப்பிடலை, மூலையிலேயே சுருண்டு கிடந்தான். "பாராசிட்டமால் அரை மாத்திரை கொடுங்க சார், நாளைக்கு துள்ளுவான்"னார் மூணாவது மாடிக்காரர். "டாக்டர்கிட்ட போலாம்"னு தங்கமணி சொன்னதை நான்தான் கேட்கலை. கொடுத்தேன். காய்ச்சல் இறங்கிடுச்சு. நானும் சந்தோஷப்பட்டேன். மூணாம் நாள் மூக்குல ரத்தம்.

உண்ணிக் காய்ச்சல். பிளேட்லெட் அதலபாதாளத்துல. டாக்டர் விட்ட டோஸ் மறக்கவே மறக்காது: "பாராசிட்டமால் அளவு மீறினா நாயோட ஈரலும் ரத்தச் சிவப்பணுவும் போயிடும். புரூஃபென்னா வயித்துல புண், கிட்னி காலி. உங்க அரை மாத்திரை நோயை மறைச்சு ரெண்டு நாளை வீணாக்கிடுச்சு." டாக்ஸிசைக்ளின் நாலு வாரம். பிழைச்சது அவன் அதிர்ஷ்டம்.

இதே கோஷ்டிதான் "பண்டிகை ஆச்சே, ஒரு வாய் சாப்பிடட்டும்"னு திராட்சை போட்ட கேசரியும் சாக்லேட்டும் ஊட்டறது. ரெண்டுமே நாய்க்கு விஷம் சாமி!

அடுத்தது கயிறு. பாதி பேர் கட்டறதே இல்லை. கேட்டா "குச் நஹி கரேகா." நம்ம ஊர்ல "ஒண்ணும் பண்ணாது, பயப்படாதீங்க"ன்னு சொல்வாங்களே, அதேதான். ஒரு நாள் வீட்டு வேலைக்கு வர்ற அம்மா படிக்கட்டுல பயந்து ஓடி, கால் பிசகி, பத்து நாள் கூலி போச்சு. நாய்க்காரர் சொன்ன பதில்: "அவங்க ஓடினதாலதான் துரத்துச்சு." கடிக்கலைங்கறதால இவர் கணக்குல எதுவுமே நடக்கலை! வளர்க்கிற மிருகத்தால ஆபத்து வராம கவனமா வச்சுக்கலேன்னா பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவுப்படி ஆறு மாசம் வரை சிறை, இல்லேன்னா 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லே ரெண்டும்.

மீதிப் பேர் கட்டறாங்க, ஆனா "வெடுக்குனு இழுங்க, அப்பதான் அடங்கும்"னு உபதேசம். கழுத்துப் பட்டையை வெட்டி இழுத்தா மூச்சுக்குழாய் அடிபடும். நெஞ்சுப் பட்டை மாட்டி, அது இழுத்தா நில்லுங்க, கயிறு தளர்ந்தா நடங்க. ரெண்டு வாரம் பொறுமை வேணும், அவ்வளவுதான்.

பேங்க்ல ஜாமீன் கையெழுத்து கேட்டா ஆயிரம் தடவை யோசிக்கிறவங்க, அடுத்தவன் நாய் உயிருக்கு மட்டும் யோசிக்காம வழி சொல்றாங்க. கடன் வாராக்கடனானா ஜாமீன்தாரரைப் பிடிக்கலாம். இங்கே யாரைப் பிடிக்கிறது? என்னைத்தான். மாத்திரை கொடுத்த கை என்னோடது.

டிஸ்கி: மணி இப்போ நலம். மூணாவது மாடிக்காரரைக் கண்டா வாலாட்டறான், நன்றி கெட்ட பய :-)