மாடியிலும் விழுகிறது அந்த ஒளி



மழை விட்டு மார்கழி பிறந்ததும், வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கிற சில இரவுகள் சென்னைக்கும் வாய்க்கின்றன. அப்படியோர் நள்ளிரவில், தண்ணீர்த் தொட்டி தெருவிளக்கை மறைக்கும் மூலையில் முக்காலியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தேன். எண்ணிப் பார்த்ததில் நாற்பது விண்மீன் தேறவில்லை. செம்மையாகத் திருவாதிரை, அதற்குக் கீழே வரிசையாக மூன்று. அந்த மூன்றுக்கும் கீழே ஓரியன் நெபுலா என்னும் வாயுமேகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் பூத்த வானம்தான்.

நகரம் வானத்தை மறைத்துவிட்டது என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். அது சரியில்லை என்று சொல்லத்தான் இந்தப் பக்கம். காஞ்சியில் பல்லவர்கள் ஆண்ட நாளில் அந்த நெபுலாவிலிருந்து புறப்பட்ட ஒளி, சுமார் 1,350 ஆண்டுப் பயணம் முடித்து, காட்டில் விழுவதுபோலவே என் மாடியிலும் விழுகிறது. ஊர் வெளிச்சம் தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி அதன்மேல் கொட்டுகிறது, அவ்வளவுதான். சந்தைக்கடைச் சத்தத்தில் ஒருவர் மெல்லப் பேசுவதுபோல. பேச்சு நிற்கவில்லை, காது கொடுக்கத்தான் பொறுமை வேண்டும்.

அன்று என்னிடம் இருந்தது ஒரு சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் 50 மி.மீ. லென்ஸும். பூமி சுழல்வதால் விண்மீன் நொடிக்கு 15 வில்நொடி நகர்கிறது. அதிக நேரம் திறந்துவைத்தால் புள்ளி இழுபட்டுக் கோடாகிவிடும். ஆகவே இரண்டே நொடி. ஆனால் 900 முறை. அடுத்தடுத்த படங்களில் நெபுலா விண்மீன்களுக்கு நடுவே தன் இடத்திலேயே இருக்கும். இரைச்சல் எனப்படும் மணல்மணலான புள்ளிகளோ படத்துக்குப் படம் மாறும். விண்மீன்களைப் பொருத்தி 900 படங்களையும் அடுக்கிச் சராசரி எடுத்தால், இரைச்சல் 900-இன் வர்க்கமூலப்படி 30-இல் ஒரு பங்காகிவிடுகிறது. மிஞ்சும் வான வெளிச்சத்தைப் பிறகு கழித்துவிடலாம். இதைச் செய்யும் சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கணினித் திரையில் அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து இளஞ்சிவப்பாகச் சிறகு விரித்தது நெபுலா. தூங்கிக்கொண்டிருந்த வீட்டார் அத்தனை பேரையும் எழுப்பிக் காட்டினேன்.

வானத்தைப் படமெடுப்பதில் வீட்டுத் தோட்டத்துக்குப் பழைய உரிமை உண்டு. லண்டனை அடுத்த ஈலிங்கில் ஆண்ட்ரூ ஐன்ஸ்லி காமன் என்று ஒரு பொறியாளர் இருந்தார். பிழைப்பு சுகாதாரப் பொறியியல், மனசெல்லாம் வானம். தன் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கியை நிறுவி, 1883-இல் இதே ஓரியன் நெபுலாவைப் படமெடுத்தார். தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியாத விண்மீன்கள் அந்தப் படத்தில் பதிந்திருந்தன. கண் ஒளியைச் சேர்த்துவைக்காது, ஒளிப்படத் தகடு சேர்த்துவைக்கும். அடுத்த ஆண்டே ராயல் வானியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

சற்றுச் செலவழிக்க முடிந்தவர்களுக்கு ஃபில்டர் உண்டு. நெபுலாவில் ஹைட்ரஜன் 656 நானோமீட்டரில் சிவப்பாகவும், ஆக்சிஜன் 501-இல் நீலப்பச்சையாகவும் ஒளிர்கின்றன. அந்த இரண்டு கீற்றை மட்டும் உள்ளே விட்டால் தெருவெளிச்சத்தின் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும். (சாதாரண கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி அந்தச் சிவப்பில் பெரும்பங்கை வெட்டிவிடுகிறது, வாங்குமுன் இதை யோசியுங்கள்.) ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்துக்கு இந்த வழி பலிக்காது. அதன் ஒளி எல்லா நிறமும் கலந்தது, வெள்ளை எல்.இ.டி. விளக்கின் ஒளியும் அப்படியே. பழைய சோடியம் விளக்கு பெரும்பாலும் மஞ்சளோடு நின்றது. ஆகவே தெருவிளக்குக்கு மேல்மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பச் சொல்லி உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். வாசல் விளக்குக்கு நீங்களே போட்டுவிடலாம். வானத்துக்கு அடிக்கும் வெளிச்சத்தால் தெருவில் நடப்பவருக்கு ஒரு பயனும் இல்லை.

கோடைக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். மே மாத நடுவில், இரவு பத்து மணிவாக்கில், தெற்கே அடிவானத்திலிருந்து சுமார் 30 பாகை உயரத்தில் ஒமேகா சென்டாரி நிற்கும். 17,000 ஒளியாண்டுக்கு அப்பால், ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்கள் உருண்டு திரண்ட கொத்து அது. ஈலிங்கில் காமன் எவ்வளவு காத்திருந்தாலும் அவருக்குக் கிட்டியிருக்காது. அங்கே அது உதிப்பதே இல்லை. நமக்குத் தினமும் வருகிறது. தெற்குப் பக்கம் திறந்த மாடி உள்ளவர்கள் எடுத்து அனுப்புங்கள். எந்த ஊர், என்ன லென்ஸ், எத்தனை நொடி, எத்தனை படம் என்று மறக்காமல் எழுதுங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. ஜூலை இதழில் நான்கு பக்கம் ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்