வயதுக்கு ருசு எங்கே?

“பெண்ணின் வயதுக்கு ருசு எங்கே?”

பலாத்கார வழக்குகளில் எதிரியின் வக்கீல் தவறாமல் கேட்கும் கேள்வி இது. கேட்பது அவர் உரிமை. ஆனால் அந்த ருசுவை வைத்திருக்க வேண்டியவர் யார்? கூலிக்காரனின் மகளா, சர்க்காரா?

வயது சின்ன விஷயமல்ல. சட்டம் வகுத்த வயதுக்குப் பெண் கீழே இருந்தால், “அவள் சம்மதித்தாள்” என்ற வாதத்துக்கே இடமில்லை. முன்பு அந்த வயது 16. 2012-ல் போக்ஸோ சட்டம் வந்தபின் 18. ஆகவே ஒரு தேதி, ஒரு காகிதம், வழக்கின் தலைவிதியையே நிர்ணயித்துவிடுகிறது.

1972-ல் மகாராஷ்டிரத்தில் தேசாய்கஞ்ச் போலீஸ் ஸ்டேஷனில் நடந்ததை மறக்க முடியுமா? தாய் தந்தையை இழந்து, அண்ணனோடு கூலி வேலை செய்து பிழைத்த ஆதிவாசிப் பெண் ஒருத்தி. தன்னை ஸ்டேஷனுக்குள்ளேயே போலீஸ்காரர்கள் கெடுத்ததாகப் புகார் செய்தாள். வயது 14-க்கும் 16-க்கும் இடையில் என்றார் டாக்டர். 16-க்குக் கீழே என்பதற்குத் திருப்தியான சாட்சியம் இல்லை என்றது செஷன்ஸ் கோர்ட்டு. வயது போயிற்று; சம்மதம் வந்தது! 1974-ல் இருவரும் விடுதலை. ஹைகோர்ட்டு தண்டித்தது, 1978-ல் சுப்ரீம் கோர்ட்டு மீண்டும் விடுவித்தது.

நாடு கொதித்தெழுந்தது. 1983-ல் காவலில் நடக்கும் பலாத்காரம் பற்றிய சட்டம் திருத்தப்பட்டது. நல்லதே. ஆனால் அனாதைக் கூலிப் பெண்ணின் பிறந்த தேதியை யார் எழுதி வைத்தார்கள் என்ற கேள்வி அப்படியே நின்றது.

காகிதம் இல்லையென்றால் எலும்பைப் படம் பிடிக்கிறார்கள். மணிக்கட்டிலும் முழங்கையிலும் எலும்பு முனைகள் எந்த அளவு இணைந்திருக்கின்றன என்று பார்த்து வயதை மதிப்பிடுகிறார்கள். அந்த மதிப்பு இரண்டு வருஷம் முன்பின் ஆகலாம் என்று சுப்ரீம் கோர்ட்டே 1982-ல் சொல்லியிருக்கிறது. 17 வயதுப் பெண்ணை 19 என்றும் சொல்லலாம். சந்தேகத்தின் பலன் எதிரிக்கு!

எனவேதான் சட்டம் ஒரு வரிசை வகுத்திருக்கிறது. 2015-ம் வருஷத்து இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 94-வது பிரிவுப்படி, முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது மெட்ரிகுலேஷன் சான்று. அது இல்லாவிட்டால் நகராட்சி அல்லது பஞ்சாயத்தின் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் டாக்டர். புகார் செய்யும் பெண்ணின் வயதைப் பார்க்கவும் இந்த முறைதான்.

நடப்பது என்ன? 2023 ஜூலையில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு போக்ஸோ வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பிராசிக்யூஷன் காட்டியது பள்ளி மாற்றுச் சான்றிதழ். சட்டம் கேட்கும் சான்று அதுவல்ல என்றது கோர்ட்டு. பிறப்புப் பதிவேடு? அந்த வருஷத்துப் பதிவேட்டையே காணோம் என்றார் அதிகாரி! டாக்டர் சொன்ன வயது 18 முதல் 20. எதிரி விடுதலை.

கவனியுங்கள். தவறான காகிதத்தின் பேரில் ஒருவனைச் சிறைக்கு அனுப்பவும் கூடாது. பெண் சிறுமியாக இருந்து, காகிதம் இல்லாததால் குற்றவாளி தப்பவும் கூடாது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: ஒழுங்கான பதிவேடு, ஒழுங்கான விசாரணை.

பிறப்பைப் பதிவது 1969 முதல் கட்டாயச் சட்டம். ஓராண்டு தாமதித்தால் மாஜிஸ்டிரேட் உத்தரவு வேண்டும். செங்கல் சூளையிலும் மலைக் கிராமத்திலும் பிள்ளை பெற்றவள் கூலியை விட்டுவிட்டு எந்தக் கச்சேரிக்கு அலைவாள்? சர்க்கார் ஊழியர் குடிசைக்கு வந்து பதியட்டும்.

புகார் வந்த முதல் வாரத்திலேயே போலீஸார் பிறப்புச் சான்றையும், முதலில் சேர்ந்த பள்ளியின் பதிவேட்டையும் கைப்பற்ற வேண்டும். தலைமை ஆசிரியரையும் பதிவு அதிகாரியையும் கூண்டில் ஏற்றி ருசுப்படுத்த வேண்டும். பதிவேடு காணாமல் போனால், காத்து வைக்க வேண்டியவர் பதில் சொல்லட்டும்.

எழுதி வைக்காதது சர்க்கார்; தொலைத்தது சர்க்கார். தண்டனை மட்டும் ஏழைப் பெண்ணுக்கா?