ரத்தத்துக்கு ஒரு வாஷிங் மெஷின்

'செப்ஸிஸ்' என்ற வார்த்தையை நம்மில் பலர் முதன்முதலாகக் கேட்பது ஐ.சி.யு. வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும்போதுதான்.

நிமோனியாவோ, யூரின் இன்ஃபெக்‌ஷனோ, கவனிக்காமல் விட்ட கால் புண்ணோ, ஏதோ ஒன்றில் ஆரம்பிக்கிறது. கிருமியைப் பிடிக்கக் கிளம்பிய உடம்பின் போலீஸ், கண்மண் தெரியாமல் சொந்த ஊரையே தடியால் அடித்தால் அதுதான் செப்ஸிஸ். இதில் முதலில் அடி வாங்குகிறவர்களில் ஒருவர் கிட்னி. பாவம், ஆளுக்கு 150 கிராம்தான் எடை. இரண்டுமாகச் சேர்ந்து தினம் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டர் போல வெளியே அனுப்புகிற உழைப்பாளிகள்.

"ரத்தத்தை மெஷின்ல விட்டு அலசி, திரும்ப ஏத்தினா கிட்னி தப்பிச்சுடும்கறாங்களே சார்?" என்று கேட்டார் ஆபீஸ் நண்பர். அவருடைய சித்தப்பா ஐ.சி.யு.வில். ஃபில்டர் போடலாமா என்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். விலைக்கு பி.எஃப். லோன்தான் வழி.

யோசனை என்னவோ பிரமாதமானது. கிருமி விடும் எண்டோடாக்ஸின், உடம்பு விடும் சைட்டோகைன், இரண்டையும் ரத்தத்திலிருந்து உறிஞ்சிவிட்டால்? பாலிமிக்ஸின்-பி என்ற மருந்து எண்டோடாக்ஸினைக் கப்பென்று பிடிக்கும். ஆனால் ஊசியாகப் போட்டால் கிட்னியையே பதம் பார்க்கும். அதனால் ஜப்பானியர்கள் அதை நாரில் ஒட்டி, குப்பிக்குள் அடைத்து, ரத்தத்தை அதன் வழியே ஓடவிட்டார்கள். 1994 முதல் அங்கே உபயோகத்தில் இருக்கிறது.

2009-ல் இத்தாலியில் 64 பேரிடம் சோதித்தபோது நல்ல சேதி. 2018-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 450 பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு நிஜ ஃபில்டர், பாதிப் பேருக்கு சும்மா பாவனை. 28 நாளில் இறந்தவர்கள், நிஜத்தில் 37.7 சதவிகிதம், பாவனையில் 34.5. அதாவது, பிழைப்பதில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை! 2021-ல் வந்த சர்வதேச செப்ஸிஸ் வழிகாட்டி இந்த முறையைப் பரிந்துரைக்கவில்லை. மற்ற ஃபில்டர்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. குறிப்பிட்ட சிலருக்குப் பலன் இருக்கலாம் என்று ஆராய்ச்சி மட்டும் தொடர்ந்தது.

ஏன் இப்படி? குழாயை மூடாமல் தரையைத் துடைத்தால் எத்தனை நேரம்தான் துடைப்பது? உள்ளே சீழ் இருக்கும்வரை விஷம் ஊறிக்கொண்டே இருக்கும். தவிர, சில ஃபில்டர்கள் கெட்டதோடு சேர்த்து ஆன்டிபயாடிக்கையும் கொஞ்சம் குடித்துவிடும்.

நண்பரிடம் போடு, போடாதே என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. மூன்று கேள்விகள் எழுதிக் கொடுத்தேன்.

ஒன்று, கிருமி எங்கே இருக்கிறது, சீழ் இருந்தால் எடுத்தாகிவிட்டதா?

இரண்டு, மணிக்கு எத்தனை மில்லி யூரின் வருகிறது? 60 கிலோ ஆளுக்கு 30 மில்லிக்குக் கீழே ஆறு மணி நேரம் இருந்தால் கிட்னி அடிபடுகிறது என்று அர்த்தம்.

மூன்று, இது ஓய்ந்துபோன கிட்னியின் வேலையைச் செய்யும் டயாலிஸிஸா, விஷத்தை உறிஞ்சும் ஸ்பாஞ்சா? முதலாவது என்றால் தாமதம் வேண்டாம், டாக்டர் சொல்கிறபடி கேளுங்கள். இரண்டாவது என்றால், "இவருக்கு ஏன்?" என்று தைரியமாகக் கேட்கலாம். தப்பில்லை.

கிட்னியை நிஜமாகக் காப்பாற்றுவது பழைய சமாசாரங்கள்தான். பி.பி. இறங்கிய கேஸில் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக், அளவான சலைன், பி.பி.யைத் தூக்கி நிறுத்துவது, கிட்னிக்கு ஆகாத வலி மாத்திரைகளை நிறுத்துவது. இவற்றில் எதற்கும் பளபளப்பான பிரோஷர் கிடையாது.

அந்த ஒரு மணி நேரத்தை ஆஸ்பத்திரிக்கு மிச்சம் வைக்க வேண்டியது நாம். ஜுரத்தோடு பேச்சு குழறினால், மூச்சு இரைத்தால், காலையிலிருந்து யூரினே போகவில்லை என்றால், மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு 'காலையில் பார்க்கலாம்' என்று படுக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் ஆட்டோ பிடியுங்கள். டபுள் சார்ஜ் கேட்டால் கொடுத்துவிடுங்கள். பேரம் பேசுகிற நேரம் இல்லை அது.