எத்தனை கிலோ? எப்போது பயணம்?

கடல் கடந்து பொருள் தேடச் செல்வோரைச் ‘சபுராளிகள்’ என்று அழைப்பது நம் ஊர்களின் வழக்கம். சபுராளி ஊர் திரும்புகிறார் என்றால் அவருடைய முகத்தைப் பார்க்கும் முன்பே பெட்டியைப் பார்க்கும் கண்கள் நம்மிடையே அதிகம். பினாங்கு, சிங்கப்பூர்ச் சபுராளிகளை 1973ஆம் ஆண்டு வரை ‘ரஜூலா’ கப்பல் சுமந்து வந்தது. பம்பாய்க்கும் வளைகுடாத் துறைமுகங்களுக்கும் இடையே 1982 வரை ‘துவாரகா’ கப்பல் ஓடியது. கப்பலில் தகரப் பெட்டிக்கு இடம் இருந்தது. விமானப் பயணத்திலோ சுமை கிலோக் கணக்காகிவிட்டது. ஆனால் வீட்டாரின் எதிர்பார்ப்பு மட்டும் இன்னும் கப்பல் கணக்கிலேயே இருக்கிறது!

வளைகுடாவில் முப்பதாண்டுகள் உழைத்து, இப்போது ஊரோடு தங்கிவிட்ட பெரியவர் ஒருவர் அண்மையில் தம் மனக்குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். சில சிரிக்க வைத்தன. சில சிந்திக்க வைத்தன. நம் இல்லங்கள் பலவற்றிற்கும் அவை பொருந்துமாதலால் இங்கே தருகிறோம்.

அவருடைய முதற்குறை எடைத் தராசைப் பற்றியது. கையோடு கொண்டு செல்லும் பைக்குப் பல விமானங்களில் 7 கிலோதான் அனுமதி. ஒரே பெட்டியின் எடை 32 கிலோவைத் தாண்டக் கூடாது என்பதும் பரவலான விதி. அது பயணியை வருத்துவதற்காக ஏற்பட்டதன்று. அப்பெட்டியைக் குனிந்து தூக்கும் தொழிலாளியின் முதுகை முன்னிட்டு ஏற்பட்டது. இதை மறந்து, தராசின் முன்னே பெட்டியைப் பிரித்துப் போட்டு, பால்பவுடர் டப்பாவை ஒரு பையிலும் போர்வையை மறு பையிலும் திணித்து, பின்னால் நிற்கும் நூறு பேரைக் காக்க வைப்பது எவ்வகை நாகரிகம்? சிறு கைத்தராசு ஒன்று வாங்கி, வீட்டிலேயே நிறுத்துக்கொண்டு புறப்பட்டால் இந்தத் தலைக்குனிவு நேராது.

இரண்டாவது குறை இதனினும் கடியது. “மாமா, உங்களிடம் சுமை குறைவாகத்தானே இருக்கிறது? இந்த ஒரு பையை மட்டும் உங்கள் பெயரில் போட்டுக்கொள்ளுங்கள்!” என்று முன்பின் அறியாதவரும் உரிமையோடு கேட்கிறார்களாம். மறுத்தால் கல்நெஞ்சக்காரர் என்ற பெயர். புறப்படும் நாளிலோ தெரு முழுவதும் பொட்டலங்களோடு வந்துவிடும். “பிரிக்க வேண்டாம், நன்றாகக் கட்டியிருக்கிறோம்” என்ற எச்சரிக்கையும் உடன் வரும்.

சகோதரர்களே! எவருடைய பெயரில் சீட்டு ஒட்டப்படுகிறதோ அவரே அப்பைக்குப் பொறுப்பாளி. நாம் குருமாவில் சேர்க்கும் கசகசா அமீரகத்திலும் சவூதியிலும் தடை செய்யப்பட்ட பொருள். நம் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் டிரமடால் போன்ற வலி மாத்திரைகளும் கோடீன் கலந்த இருமல் மருந்துகளும் அங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அறியாமல் கொண்டு வந்தேன் என்ற விளக்கம் பெரும்பாலும் எடுபடுவதில்லை. திரும்பும் வழியில் தங்கத்தைக் கொடுத்தனுப்பிக் ‘குருவி’யாக்கும் கூட்டமும் உண்டு. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்து திரும்பும் ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் என்பதே தீர்வையின்றி நகை கொண்டுவருவதற்கான எடை. பிறர் பொருளைச் சுமப்பது அமானிதம் என்பது உண்மையே. ஆனால் உள்ளே இருப்பது இன்னது என்று திறந்து காட்டாமல் ஒப்படைப்பவர், அமானிதத்தை அல்ல, ஆபத்தையே ஒப்படைக்கிறார். பிரித்துக் காட்டச் சொல்வது அவநம்பிக்கை ஆகாது. பிரித்துக் காட்டுவதே கொடுப்பவரின் கடமையாகும்.

தடைப் பொருள்கள் இன்னும் சில உண்டு. கொப்பரைத் தேங்காய் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள்களின் வகையில் சேர்க்கப்பட்டுள்ளது. கைப்பேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பக் கூடாது. கைப்பையில்தான் வைக்க வேண்டும். அது தீப்பற்றினால், ஆட்கள் இருக்கும் இடத்தில் உடனே அணைக்கலாம் என்பதே காரணம்.

மூன்றாவது குறை, இறங்கும் அவசரம். சக்கரம் தரையைத் தொட்டவுடனே எழுந்து நின்று, தலைக்கு மேலுள்ள அறையைத் திறந்து, அமர்ந்திருப்பவர் தலையில் பையை இறக்குவோர் எத்தனை பேர்! அப்படி முந்தியவரும் பெட்டி வரும் சுழல் பட்டையின் அருகே வந்து காத்துத்தான் நிற்கிறார். அங்கும் தள்ளுவண்டிகளை அணிவகுத்து நிறுத்தி முதியோருக்கு வழி மறைக்கிறார்கள். இரண்டடி பின்னே நின்று, தம் பெட்டி வரும்போது மட்டும் முன்னே சென்றால் எல்லோருக்கும் வசதி. கறுப்புப் பெட்டிகள் யாவும் ஒன்று போலவே இருக்கும். எனவே சீட்டு எண்ணைச் சரிபார்த்த பின்பே எடுக்க வேண்டும்.

பெட்டி வரவில்லை என்றால் அழுதுகொண்டு வீடு திரும்புவோரும் உண்டு. அது தவறு. விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே எழுத்து மூலம் புகார் பதிந்து நகல் பெற வேண்டும். 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009இல் இணைந்தது. அதன்படி, பெட்டி சேதமடைந்தால் பெற்றுக்கொண்ட 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்தால் கையில் கிடைத்த 21 நாட்களுக்குள்ளும் எழுத்து மூலம் முறையிட வேண்டும். பயணச் சீட்டையும் பெட்டிச் சீட்டையும் கிழித்தெறியாமல் வைத்திருப்பது நலம்.

இவை யாவும் பயணத்தோடு தீர்ந்துவிடும் குறைகள். பெரியவர் கடைசியாகச் சொன்னது தீராத குறை. “விடுமுறையில் வந்தபோதெல்லாம், எப்போது வந்தீர்கள், எப்போது பயணம் என்று கேட்டார்கள். இப்போது பயணமே இல்லை என்கிறேன்; அதன் பிறகு என்ன பேசுவது என்று எவருக்கும் தெரியவில்லை” என்றார். சாவி எங்கே, மின்கட்டணம் எவ்வளவு என்று எதைக் கேட்டாலும், “உங்களுக்கு ஏன் அத்தா இந்தக் கவலை?” என்று அன்போடு தள்ளிவைக்கிறார்களாம். அவர் பணத்தில் கட்டிய வீட்டில் அவர் விருந்தாளி!

அவர் கையில் இருப்பது எவ்வளவு என்பதையும் உறவினர் அறிவதில்லை. அமீரகச் சட்டப்படி, பணி முடிந்து திரும்புபவருக்கு முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள், அதற்கு மேல் ஆண்டொன்றுக்கு 30 நாள் அடிப்படைச் சம்பளம் கணக்கிடப்படும். முப்பதாண்டு உழைத்தாலும் மொத்தத் தொகை இரண்டாண்டு ஊதியத்தைத் தாண்டாது. மாத ஓய்வூதியமும் கிடையாது. ஊரோடு தங்கியவர் என்.ஆர்.இ. கணக்கையும் வங்கிக்கு அறிவித்து உள்நாட்டுக் கணக்காக மாற்றியாக வேண்டும். நிலைமை இவ்வாறிருக்க, “அரபு நாட்டுப் பணம்” என்று எண்ணிக் கடன் கேட்டு வருவோரும் நன்கொடைப் புத்தகம் நீட்டுவோரும் சற்று நிதானிக்கலாமே!

இல்லத்தரசிகளே, பிள்ளைகளே! திரும்பி வந்தவரிடம் வீட்டுக் கணக்கைக் கொடுங்கள். பேரப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பைக் கொடுங்கள். வெளிநாடு செல்லத் துடிக்கும் இளைஞர்களை அவரிடம் அனுப்பி, வேலை ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பது, பெட்டியை எப்படிக் கட்டுவது என்று கேட்டு வரச் சொல்லுங்கள். முப்பதாண்டு அனுபவத்தை எந்தத் தராசும் நிறுத்துப் பார்த்ததில்லை. அதற்குத் தீர்வையும் இல்லை. அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் போவது நமக்கே நட்டம் என்பதைச் சிந்திப்போமாக!