ஒரே ஆட்டத்துக்கு இரண்டு நீதியா?

தென் கொரியா தேசத்தில் 2023-ஆம் வருஷம் மே மாதத்தில் ஒரு பாடகி மேடையில் ஆடினார். ஜூன் மாதத்தில் அவர்மீது போலீசில் புகார் கொடுக்கப்பட்டது. பொது இடத்தில் ஆபாசமாக நடந்துகொண்டார் என்பது குற்றச்சாட்டு. அவர் பெயர் ஹ்வாசா. மாமாமூ என்ற நான்கு பெண்கள் கொண்ட குழுவின் மூலம் பேர் பெற்றவர். ஆட்டத்தின் நடுவே கையைத் தமது உடம்பின் கீழ்ப்பாகத்துக்குக் கொண்டுபோனார் என்பதுதான் அவர் செய்த காரியம். புகார் கொடுத்தது பெற்றோர் சங்கம் ஒன்று. போலீசார் அவரைக் கூப்பிட்டு விசாரித்து, கடைசியில் அவ்வருஷத்திலேயே, குற்றம் ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

விசாரணை முடிந்துவிட்டது, விஷயம் முடியவில்லை. இடுப்புக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு ஆடுவது மைக்கேல் ஜாக்சன் காலந்தொட்டு உலகத்தார் பார்த்துக் கைதட்டி வந்த ஆட்டமாகும். கொரியாவில் ஆண் குழுக்கள் இடுப்பை முன்னுக்குத் தள்ளி ஆடுவதும் சாதாரண வழக்கமே. ஆண் செய்தால் அதற்குப் பெயர் மிடுக்கு. பெண் செய்தால் அதற்குப் பெயர் ஆபாசம். கை ஒன்றுதான், அசைவு ஒன்றுதான், மேடையும் ஒன்றுதான். மாறியது ஆடியவரின் உடம்பு மாத்திரமே. அப்படியானால் குற்றம் ஆட்டத்தில் இருக்கின்றதா, அல்லது பெண்ணாய்ப் பிறந்ததில் இருக்கின்றதா என்று கேட்கின்றோம்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த ஆட்டம் நடந்த இடம் சுங்கியுங்குவான் பல்கலைக்கழகம். 1398-இல் ஜோசன் அரசாட்சியில் கன்பூசியஸ் சாஸ்திரம் படித்துக் கொடுப்பதற்காக ஏற்பட்ட கல்விச்சாலையின் பெயரையும் பாரம்பரியத்தையும் சொல்லிக்கொள்வது அது. பெண்ணானவள் சிறு பிராயத்தில் தகப்பனுக்கும், கல்யாணமான பின் புருஷனுக்கும், புருஷன் செத்த பின் மகனுக்கும் அடங்கி நடக்க வேண்டும் என்பது அந்தச் சாஸ்திரத்தின் கட்டளை. இதைப் படிக்கும்போது வாசகர்களுக்கு வேறொரு சாஸ்திரம் ஞாபகத்துக்கு வருமானால் அதற்கு நாம் ஜவாப்தாரி அல்ல. ஐந்நூறு வருஷத்துக்கு மேல் அந்தத் தேசத்தை ஆண்ட அரசர்கள் 1910-இல் போய்விட்டார்கள். சாஸ்திரம் மாத்திரம் மனிதன் மூளையை விட்டுப் போகவில்லை.

நிற்க. கே-பாப் என்று சொல்லப்படும் இந்தக் கொரியப் பாட்டு வியாபாரம் எப்படி நடக்கின்றது என்பதைச் சற்று பார்ப்போம். கம்பெனிக்காரர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைக்கூடப் பொறுக்கி எடுத்து, வருஷக்கணக்காக ஆட்டமும் பாட்டும் பழக்கி, நாலைந்து பேராகவோ பத்துப் பேராகவோ குழுக்கட்டி மேடையில் விடுகின்றார்கள். குழுவின் பெயர், தலைமயிரின் நிறம், உடையின் நீளம், சாப்பாட்டின் அளவு, ஆட்டத்தில் எந்தக் கையை எப்போது தூக்குவது என்பது வரை பெரும்பாலும் கம்பெனியின் தீர்மானமே. இப்படி ஆடுகிறவர்களுக்கு அங்கே ‘ஐடல்’ என்று பெயர். ஐடல் என்றால் ஆங்கிலத்தில் விக்கிரகம் என்று அர்த்தம். பெயர் வைத்தவன் தெரிந்து வைத்தானோ தெரியாமல் வைத்தானோ, மிகவும் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறான். விக்கிரகத்துக்கு அலங்காரம் செய்பவன் ஒருவன், உண்டியலை எண்ணுபவன் ஒருவன், விழுந்து கும்பிடுபவன் ஒருவன். விக்கிரகத்துக்கு மாத்திரம் வாய் கிடையாது. ஆனால் கல் விக்கிரகத்தின்மேல் யாரும் புகார் கொடுப்பதில்லை. உயிருள்ள விக்கிரகத்தை நிறுத்தினவனை விட்டுவிட்டு விக்கிரகத்தின் மேலேயே புகார் கொடுப்பது இந்த ஒரு வியாபாரத்தில்தான்.

உதாரணங்கள் சொல்லுவோம். ஹியூனா என்ற பெண் 2007-இல் தமது 14-வது வயதில் மேடையேறியவர். 2011-இல் அவர் இருந்த ஃபோர்மினிட் என்ற குழு ‘மிரர் மிரர்’ பாட்டுக்குக் கால்களை அகட்டி ஆடிய ஆட்டத்தைப் பற்றிக் கூச்சல் எழுந்து, அந்த அசைவு மாற்றப்பட்டது. அதே வருஷம் ஆகஸ்டில் அவர் தனியாக ஆடிய ‘பபிள் பாப்’ ஆட்டம் மிதமிஞ்சிப் போய்விட்டதாக ஒலிபரப்புகளை மேற்பார்க்கும் கமிஷன் ஆட்சேபித்தது. ஆட்டத்தை மாற்றுவதைவிட நிறுத்திவிடலாம் என்று கம்பெனி அந்தப் பாட்டின் மேடை நிகழ்ச்சிகளையே முடித்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 19.

அதற்கு இரண்டு மூன்று வருஷங்களுக்கு முன்புதான், 2008-இல் தோன்றிய டூபிஎம் என்ற ஆண் குழுவுக்கு ‘மிருக ஐடல்’ என்று ஜனங்களும் பத்திரிகைகளும் பட்டம் கொடுத்துப் பூரித்துப் போயிருந்தன. மேடையில் சட்டையைக் கிழித்துக்கொண்டு மார்பைக் காட்டுவது அக்குழுவின் வித்தைகளில் ஒன்று. சட்டையைக் கிழிப்பதிலேயே பேர் எடுத்த ஒருவருக்குக் கிழிப்பதைச் சேர்த்தே செல்லப் பெயரும் வைத்தார்கள். பெண் பாவாடையைச் சற்று அசைத்தால் கமிஷன். ஆண் சட்டையையே கிழித்தெறிந்தால் பட்டம். இதற்கு மேல் விளக்கமும் வேண்டுமா?

ஆண் பாட்டுகளையும் கண்டித்திருக்கிறார்களே என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். 2008-இல் ஐந்து ஆண்கள் கொண்ட டிவிஎக்ஸ்கியூ குழுவின் ‘மிரோடிக்’ பாட்டு வாலிபர்களுக்குத் தகாதது என்று சர்க்கார் குழு முத்திரை குத்தியது. ஆனால் அங்கே தகாதது என்று சொல்லப்பட்டது பாட்டில் இருந்த சொல். சொல்லை மாற்றினால் தீர்ந்தது. பெண்ணின் விஷயத்தில் தகாதது என்று சொல்லப்படுவது அவள் உடம்பு. அதை எங்கே கொண்டுபோய் மாற்றுவது?

சரி, பெண் உடம்பைக் காட்டி ஆடுவது அந்தச் சமூகத்துக்கு உண்மையிலேயே பிடிக்கவில்லையா என்றால், அதுவும் இல்லை. ஈஎக்ஸ்ஐடி என்ற பெண் குழு 2014 ஆகஸ்டில் ஒரு பாட்டு வெளியிட்டது. அது ஒருவர் கண்ணிலும் படாமல் கிடந்தது. அக்டோபரில் ஒரு ரசிகர் அக்குழுவின் ஹானி என்ற பெண்ணை மாத்திரம் குறிவைத்து, அவர் இடுப்பை அசைத்து ஆடியதைப் படம் பிடித்துப் போட்டார். தேசமே அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தது. 2015 ஜனவரியில் அதே பாட்டு டெலிவிஷன் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. பாட்டு மாறவில்லை, பாடியவர்கள் மாறவில்லை. பார்ப்பதற்குக் கூட்டமாய்க் கூடுவதும், பார்த்து முடித்ததும் ஒழுக்கம் பேசுவதும் ஒரே ஜனங்கள்தாம். பார்த்தவன் கண்ணுக்கு அபராதம் கிடையாது. ஆடியவள் இடுப்புக்குத்தான் அபராதம்.

இன்னொரு கூத்தைக் கேளுங்கள். மேடையில் ஆடுவதற்குப் பெண்ணுக்கு ஒரு சாண் பாவாடையைத் தைத்துக் கொடுப்பார்கள். ஆடி முடித்து அவள் நாற்காலியில் உட்கார்ந்து பேட்டி கொடுக்கும்போது, முழங்காலை மூடிக்கொள் என்று ஒரு போர்வையைக் கொண்டுவந்து போடுவார்கள். பாவாடையைத் தைத்தவனும் அவர்களே. போர்வை கொடுத்தவனும் அவர்களே. ஆடும்போது காட்ட வேண்டும், உட்காரும்போது மறைக்க வேண்டும். இரண்டையும் சிரித்த முகத்தோடு செய்ய வேண்டும். போதாக்குறைக்கு, குழந்தைபோல் கொஞ்சிப் பேசிக் காட்டு என்று கேட்பார்கள். அதற்கு ‘ஏக்யோ’ என்று பெயர். கொஞ்சாவிட்டால் திமிர் பிடித்தவள். அதிகம் கொஞ்சினால் பாசாங்குக்காரி. ஒருவனுக்குப் போட்ட கணக்கில் எந்த விடை எழுதினாலும் தப்பு என்றால், கணக்குப் போட்டவனிடத்தில் மோசம் இருக்கின்றது என்பதுதான் அர்த்தம்.

இந்த இரட்டை நீதியால் ஆண்களுக்கு லாபம் என்று ஆண்கள் எண்ணிக்கொண்டிருந்தால் அதுவும் ஏமாற்றமே. பெண்கள் ஆண் குழுவின் ஆட்டத்தை ஆடினால் ‘பலே’ என்று மெச்சுவார்கள். ஆண்கள் பெண் குழுவின் ஆட்டத்தை ஆடினால் சிரிப்பார்கள். சிரிப்பதற்கென்றே அங்கு டெலிவிஷனில் ஆடச் சொல்லுவார்கள். ஏன் சிரிப்பு? ஆணைப்போல் ஆவது உயர்வு, பெண்ணைப்போல் ஆவது தாழ்வு என்ற எண்ணம் அடியில் கிடப்பதால்தான். ஆகவே அந்தச் சிரிப்பு ஆடுகின்ற ஆணைப் பார்த்துச் சிரிப்பதல்ல, பெண்ணினத்தைப் பார்த்துச் சிரிப்பதாகும்.

2012-இல் ஜோ குவான் என்ற பாடகர் ‘அனிமல்’ என்ற பாட்டுக்கு உயரமான குதிகால் செருப்புப் போட்டுக்கொண்டு ஆடினார். ஆண்பிள்ளை இப்படி ஆடலாமா என்று சிலரும், என்ன துணிச்சல் என்று சிலரும் பேசினார்கள். அவர் துணிச்சலை நாமும் பாராட்டுகின்றோம். ஆனால் ஒன்று கேட்கின்றோம். அதே குதிகால் செருப்பில் எத்தனையோ பெண்கள் நாள்தோறும் குதித்து, மண்டியிட்டு, சுழன்று ஆடுகின்றார்களே, அதை அதிசயம் என்று யாராவது எழுதினார்களா? ஆண் ஒரு நாள் சுமந்தால் சாதனை; பெண் தினம் சுமந்தால் கடமை. இது சமையலறை முதல் நாட்டிய மேடை வரை ஒரே கதையாகத்தான் இருக்கின்றது.

2017-இல் டேமின் என்ற ஆட்டக்காரர் ‘மூவ்’ என்ற பாட்டுக்கு ஆடினார். ஆட்டத்தை அமைத்தவர் கோஹரு சுகவாரா என்ற ஜப்பானியப் பெண்மணி. ஆண் அசைவு, பெண் அசைவு என்ற பிரிவினையைக் கலைத்து, இரண்டையும் சேர்க்க விரும்பியதாக டேமின் சொன்னார். சட்டை கிழியவில்லை, குதிக்கவில்லை, மெதுவாக அசைந்தார், அவ்வளவுதான். ஆட்டம் நன்றாகவே இருந்தது. இதிலிருந்து தெரிவது என்ன? அசைவில் ஆண் பெண் என்று ஒன்றுமில்லை. அது பார்க்கிறவன் மனத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சீட்டு.

இந்தச் சீட்டு இன்று நேற்று எழுதினதல்ல. ஜோசன் அரசாட்சியில் ‘கிசேங்’ என்று ஒரு வகுப்புப் பெண்கள் இருந்தார்கள். சர்க்கார் கணக்கில் அடிமைகளாகப் பதியப்பட்டு, உத்தியோகஸ்தர்களின் விருந்தில் ஆடிப் பாடுவது அவர்கள் தொழில். பாட்டிலும் ஆட்டத்திலும் கவிதையிலும் தேர்ந்தவர்கள். ஆனால் அந்தஸ்தில் கீழானவர்கள். இரவில் விருந்துக்கு வேண்டும். விடிந்தால் தீண்டத்தகாத பெயர். 1894-இல் செய்யப்பட்ட சீர்திருத்தத்தில் அடிமை அந்தஸ்து சட்டத்தில் ஒழிந்தது. ஆனால் அதே தேசத்து முகமூடிக் கூத்துகளிலோ, பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டி ஆடி வந்தார்கள். அதனால் எந்த ஆணின் ஆண்மையும் கெட்டுப்போனதாக யாரும் புகார் செய்யவில்லை. ஆண் பெண்ணாக ஆடலாம். பெண்தான் பெண்ணாக ஆடக் கூடாது! என்னே நியாயம்!

இனி எதிரிகள் சொல்லும் சமாதானங்களைப் பார்ப்போம். முதலாவது, பெண்கள் தாங்களே இஷ்டப்பட்டுத்தானே ஆடுகின்றார்கள் என்பது. இஷ்டப்பட்டு ஆடினால் அது அவர்கள் உடம்பு, அவர்கள் உரிமை. அதில் போலீசுக்கு என்ன வேலை? இஷ்டமில்லாமல் ஆட்டுவிக்கப்பட்டார்கள் என்றால், ஆட்டுவித்தவனைப் பிடியுங்கள். இரண்டில் எதுவாக இருந்தாலும் ஆடிய பெண்ணைத் தண்டிக்க நியாயம் எங்கே இருக்கின்றது?

இரண்டாவது, குழந்தைகள் பார்த்துக் கெட்டுவிடுவார்களே என்பது. குழந்தைகளைப் பற்றிய கவலை நமக்கும் உண்டு. ஆனால் பார்க்கிற குழந்தையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள், மேடையில் ஆடுகிற குழந்தையைப் பற்றி ஏன் மூச்சுவிடுவதில்லை? 2014-இல் கொரியா சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்த சட்டம் ஒன்றில்தான் இதற்குச் சரியான வழி இருக்கின்றது. 15 வயதுக்குட்பட்டவர்களை வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேலும், அதற்கு மேற்பட்ட சிறுவர் சிறுமியரை 40 மணி நேரத்துக்கு மேலும் சாதாரணமாக வேலை வாங்கக் கூடாது என்று அது விதித்தது. அந்த விதியில் ஆண் பிள்ளைக்கு ஒரு மணி, பெண் பிள்ளைக்கு ஒரு மணி என்று இல்லை. யார் யாரை வதைக்கிறான் என்று பார்க்கிற சட்டம் அது. சட்டம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

நாம் குட்டைப் பாவாடைக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. குட்டைப் பாவாடையே சுதந்தரமும் ஆகாது; நீளப் பாவாடையே ஒழுக்கமும் ஆகாது. நீளத்தைத் தீர்மானிப்பவர் யார் என்பதுதான் கேள்வி. ஏஓஏ என்ற பெண் குழு 2014-இல் ‘மினிஸ்கர்ட்’ என்ற பாட்டில் பாவாடையின் பக்கத்து ஜிப்பைத் திறக்கும் அசைவினால் பேர் பெற்றது. அதே குழுவினர் 2019-இல் ஒரு டெலிவிஷன் போட்டியில் கோட்டும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு ஆடினார்கள். பெண்களின் உடையணிந்த ஆண்கள் அவர்களோடு மேடையேறி ஆடினார்கள். வானம் இடிந்து விழவில்லை. கொரியாவின் குடும்பங்கள் சிதறிப் போகவில்லை. ஜனங்கள் பார்த்துக் கைதட்டினார்கள். அவ்வளவு சுலபமாகக் கழற்றக்கூடிய சட்டையைத்தான் ஆண்மை, பெண்மை என்று இத்தனை காலமாகத் தோலோடு தைத்துவைத்திருக்கின்றார்கள்.

போலீசார் விட்டுவிட்டதற்காக ஹ்வாசா கம்பெனிக்கோ கமிஷனுக்கோ நன்றி சொல்ல வேண்டியதில்லை. அவர் அவ்வருஷம் செப்டம்பரில் வெளியிட்ட பாட்டின் பெயரே, என் உடம்பை நான் நேசிக்கின்றேன் என்று அர்த்தமாகும். விக்கிரகத்துக்கு வாய் வந்துவிட்டது! வாய் வந்தபின் அது விக்கிரகமல்ல, மனுஷி. மனுஷியின் ஆட்டத்தை ஆட்டமாகப் பாருங்கள். நன்றாக இருந்தால் மெச்சுங்கள், மோசமாக இருந்தால் எழுந்து போங்கள். ஆனால் எந்த அளவுகோலை அவள்மேல் வைக்கின்றீர்களோ அதே அளவுகோலை அடுத்த மேடையில் சட்டையைக் கிழிப்பவன் மேலும் வையுங்கள். அதற்கு மனம் வராதவர்கள் ஒழுக்கம் என்ற வார்த்தையை வாயில் எடுக்காதிருப்பதே யோக்கியமாகும்.