உறை மோர் எடுத்து வைத்தீர்களா?

குற்றாலத்துக்குப் போய்க் குளிக்காமல் திரும்பி வந்த புண்ணியம் சென்ற சீசனில் எனக்குக் கிடைத்தது. மலையில் நல்ல மழை. பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டிக்கொண்டிருந்தது. அப்படிக் கொட்டும்போது போலீஸார் யாரையும் குளிக்க விடுவதில்லை. துண்டும் எண்ணெய்க் கிண்ணமுமாக வந்த வெளியூர்க்காரர்கள், "இவ்வளவு தூரம் வந்தாச்சே!" என்று முணுமுணுத்தார்கள். உள்ளூர்க்காரர்களோ வளைவை ஒரு பார்வை பார்த்தார்கள். வந்த வழியே நடையைக் கட்டினார்கள். நானும் பஸ் ஏறித் தென்காசியில் சித்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சித்தி கூடத்தில் லாப்டாப்பை முன்னால் வைத்துக்கொண்டு, கன்னத்தில் கையூன்றி உட்கார்ந்திருந்தாள்.

"வாடி, வா. குளிச்சியா?"

"இல்லை சித்தி. தண்ணி அதிகம்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"உன்னையாவது திருப்பி அனுப்பினாங்க. இதைத் திருப்ப வழியே இல்லேங்கான் உன் தம்பி!"

விஷயம் இதுதான். சித்தப்பா காலமான பிறகு சித்தி இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கூழ் வற்றல் எல்லாம் போட்டுக் குற்றாலத்துக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறாள். சீசன் மூன்று மாதமும் அவளுக்கு அறுவடைக் காலம். எந்தக் கடையில் எவ்வளவு நிலுவை, உளுந்து மண்டிக்கு எவ்வளவு பாக்கி, எல்லாம் அந்தப் பழைய லாப்டாப்பில்தான். கோயம்புத்தூரில் படிக்கும் பிள்ளை லீவுக்கு வந்தான். "விண்டோஸ் 10 காலாவதி ஆயிட்டும்மா; 11 போட்டுத் தாரேன்" என்றான். இந்தப் பெட்டிக்குப் புதியது பொருந்தாது என்று பரிசோதனை சொல்லியும், ஏதோ குறுக்கு வழியில் ஏற்றிவிட்டு ரயிலேறிப் போய்விட்டான். அவன் பேரில் குற்றமில்லை. அம்மாவுக்கு ஒத்தாசை செய்ய நினைத்தான், அவ்வளவுதான்.

விளைவு? பொத்தானை அமுக்கிவிட்டு அரிசி களைந்துவிட்டு வரலாம். அதற்குப் பிறகுதான் திரையில் வெளிச்சம் வரும். பில் அடிக்கும் சின்ன பிரிண்டர் பேச்சு மூச்சில்லை. கணக்குப் புரோகிராமோ திறக்கவே மறுத்தது.

ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது என்ன? ஒரு வீட்டில் எது எந்த அலமாரியில் இருக்கிறது, யாருக்கு எப்போது என்ன வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் நிர்வாகி மாதிரி. நிர்வாகியை மாற்றினால் வீட்டுச் சாமான்கள் போய்விடாது. ஆனால் பழைய ஆட்கள் புது நிர்வாகியின் பேச்சைக் கேட்கவேண்டுமே! பிரிண்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே தூது போகும் சிறு புரோகிராமுக்கு 'டிரைவர்' என்று பெயர். புதியதற்கு ஏற்ற டிரைவர் இல்லையென்றால் பிரிண்டர் வெறும் டப்பா. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலிருந்து ஸோஹோ நிறுவனத்தார் உலகத்துக்கெல்லாம் மென்பொருள் எழுதுகிறார்கள். இங்கே கூப்பிடு தூரத்தில் சித்திக்குப் பத்து ரூபாய்ப் பில் வரவில்லை!

"இப்பதான் தம்பி போன்ல சொன்னான். இடம் அடைச்சுக்கிட்டிருக்காம், பழைய குப்பை இருபது ஜி.பி. கிடக்காம். அதை அழிச்சா வேகம் வருமாம்" என்று சொல்லிக்கொண்டே சித்தி விரலை நீட்டினாள்.

நான் பாய்ந்து அவள் கையைப் பிடித்தேன். திரையில் இருந்த பெயர் 'முந்தைய விண்டோஸ்'. அது குப்பையல்ல, திரும்பிப் போகும் பாதை! எனக்கு இது தெரிந்ததற்குக் காரணம் அறிவல்ல, அனுபவம். மூன்று வருஷத்துக்கு முன் இதே பொத்தானை அமுக்கி என் பழைய வீட்டை நானே இடித்துக்கொண்டவள் நான்.

"என்றைக்கு மாற்றினான் சித்தி?"

"போன வெள்ளிக்கிழமை ராத்திரி. இன்னியோட எட்டு நாள் ஆச்சு."

அப்பாடா! இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது. விண்டோஸ் 11 ஏறும்போது பழையதை அழிப்பதில்லை, 'விண்டோஸ்.ஓல்டு' என்ற உறையில் கட்டி ஓரமாக வைக்கிறது. பத்து நாள் கழிந்தால் தானே அழித்துவிடுகிறது. அந்தப் பத்து நாளை அறுபது நாள் வரை நீட்டிக்கலாம். ஆனால் கெடு முடிவதற்குள் விவரம் தெரிந்தவரைக் கொண்டு செய்துகொள்ள வேண்டும். கெடுவும் தாண்டி உறையும் போய்விட்டால், எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் பழையதை ஏற்றுவது ஒன்றுதான் வழி.

முதல் காரியமாகக் கணக்குக் கோப்புகளையும் புகைப்படங்களையும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்தோம். பிறகு லாப்டாப்பை மின்சாரத்தில் செருகினோம். பழைய பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டேன். அது இல்லாமல் திரும்பினால் வாசலில் நிற்க வேண்டியதுதான். செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் ரெக்கவரி, அதில் 'கோ பேக்'. ஏன் திரும்புகிறீர்கள் என்று அது ஒரு கேள்வி கேட்டது. சித்தி, "பில் வரலைன்னு போடு" என்றாள்.

சொந்தக் கோப்புகள் அப்படியே இருக்கும். புதியது வந்த பிறகு சேர்த்த புரோகிராம்களும் செய்த மாற்றங்களும் போய்விடும். அதையும் முன்பே சொல்லிவிட்டேன். ஒரு மணி நேரம் போல ஆயிற்று. சித்தி மூன்று தடவை அடுக்களைக்குப் போய் வந்தாள். பழைய திரை வந்தது. கணக்கு திறந்தது. பிரிண்டர் 'டர்ர்ர்' என்று ஒரு முழம் காகிதம் துப்பியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பழையதே போதுமென்று இருந்துவிடலாமா? கூடாது. விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றன. பெயரைப் பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்பு அறிவித்தார்கள். ஓடு மாற்றாத கூரை வெயிலுக்குத் தெரியாது, மழைக்குத் தெரியும். ஆகவே பழையதில் இருக்கும் நாட்களை அவகாசமாகத்தான் எண்ண வேண்டும். அதற்குள் தக்க கம்ப்யூட்டர் வாங்கலாம். அல்லது பழைய பெட்டியில் லினக்ஸ் வைத்துக்கொள்ளலாம். லினக்ஸ் வகைகள் பலவற்றைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிரிண்டரும் கணக்கும் அதில் ஒத்துப்போகின்றனவா என்று, உள்ளே இருப்பதைத் தொடாமலே தெரிந்துகொள்ளலாம்.

எப்படி மாறினாலும் பிரதி முதலில். பெரியவர்களுக்கும் சறுக்கும். 2018 அக்டோபரில் மைக்ரோசாப்ட் வெளியிட்ட விண்டோஸ் 10 திருத்தம் ஒன்று சிலருடைய ஆவணங்களையே அழித்துவிட்டது. சில நாட்களில் அதை நிறுத்தி, சரிசெய்து, நவம்பரில்தான் மறுபடி விட்டார்கள். பிரதி வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள்.

இதையெல்லாம் நான் பெரிய பிரசங்கமாகச் சொல்லி முடித்தேன். சித்தி அமைதியாக ஒன்று சொன்னாள்:

"இதுக்கு எதுக்குடி இவ்வளவு பேச்சு? தயிர்ச் சட்டியைக் காலி பண்றதுக்கு முன்னாடி உறைக்கு ஒரு கரண்டி எடுத்து வைப்போம்லா? அதுதானே?"

அதேதான்! உறை மோர் எடுத்து வைக்காமல் எந்த வீட்டிலும் சட்டியைக் கழுவுவதில்லை. அப்படிப்பட்ட நாம், ஆறு வருஷக் கணக்கும் குழந்தைகளின் படங்களும் இருக்கிற பெட்டியை மட்டும் ஒரு பொத்தானில் கழுவிவிடுகிறோம்.

புறப்படும்போது, "பென் டிரைவை எங்கே வைத்தீர்கள் சித்தி?" என்று கேட்டேன். அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் சில்லறைக் காசு போட்டு வைக்கும் டப்பாவைக் காட்டினாள். உள்ளே ஒரு சின்னக் காகிதப் பொட்டலம். மேலே பென்சிலால் 'உறை' என்று எழுதியிருந்தது. இனி மாதப் பிறப்பன்று அதில் புதுப் பிரதி போடுவாளாம்.

அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளை, "அம்மா, புதுசு போட்டுத் தரட்டுமா?" என்று வந்தால் தாராளமாகச் சரி சொல்லுங்கள். அதற்கு முன், "உறை எடுத்து வைத்தாயா?" என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.